சாக்குத் துணியில் தைத்த ஞாபகம்

சிலி தேசத்தின் தலைநகரமாகிய சாண்டியாகோவுக்குச் செல்லும் பிரயாணிகள் ஆண்டீஸ் மலைச் சிகரங்களைக் கண்டு பிரமித்து நிற்பது சகஜம். கின்ட்டா நொர்மால் பூங்காவுக்கு எதிரில், 2010-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட ஞாபக மியூசியத்துக்கும் போகிறவர்கள், அதே மலையைக் கந்தல் துணியில் வெட்டித் தைத்த மலையாகவும் காண்பார்கள்.

இச்சித்திரங்களுக்கு அர்பியேரா என்று பெயர். ஸ்பானிய பாஷையில் சாக்குத் துணி என்றே அர்த்தம். வயோலெத்தா பார்ரா என்ற பாடகி தாம் தைத்தவற்றை 1964-ல் பாரிஸ் லூவர் அரண்மனையிலுள்ள அலங்காரக் கலை மியூசியத்தில் காட்சிக்கு வைத்ததுண்டு. ஆனால் அந்தக் கலைக்கு வேறொரு வேலை பின்னால் காத்திருந்தது.

1973 செப்டம்பர் 11-ந் தேதி ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1990 வரை நீடித்த பினோசே ஆட்சியில் பிடித்துச் செல்லப்பட்டு, இருக்கிறார்களா இறந்தார்களா என்றே தெரியாமற் போனவர்கள் 1,000 பேருக்கு மேல். அவர்களுடைய தாய்மாரும் மனைவியரும் சிறைதோறும், கோர்ட்டுதோறும் அலைந்து ஓய்ந்தபின், கத்தோலிக்க சபையின் ஆதரவில் ஒன்றுகூடித் தைக்கத் தொடங்கினார்கள். கிடைத்த சொற்பக் காசு அடுப்பெரியவும் உதவிற்று.

மேலே மஞ்சள் சூரியன், பனி மலை, கீழே சிறு வீடுகள், கஞ்சித் தொட்டியைச் சுற்றித் துணிப் பொம்மைப் பெண்கள். பளிச்சென்ற வர்ணங்களைக் கண்டு, குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்று நகர்ந்துவிடக் கூடாது. பொம்மைகள் ஏந்திய கொடியில் "அவர்கள் எங்கே?" என்று எழுதியிருக்கும். காணாமற் போனவனுடைய சட்டையையே வெட்டித் தைத்தவர்களும் உண்டு. அதன்மேல் கத்திரியை வைத்தபோது அந்தக் கை என்ன பாடுபட்டிருக்கும்!

ஊசியும் நூலும் பிடித்த பெண்களை முதலில் யார் சந்தேகிப்பார்கள்? பத்திரிகைகள் வாயடைத்துக் கிடந்த காலத்தில் இத்துணிகள் கடல் கடந்து சேதி சொல்லின. சிலவற்றின் பின்புறத்தில் சிறு பை தைத்து, அதில் ஒரு கடிதத்தை மடித்து வைத்தார்கள். பயத்தினால் பெயர் மட்டும் போடவில்லை. கலை விமரிசகர்கள் கையெழுத்தைத் தேடட்டும். எனக்கு அந்தக் கோணல் தையலே போதும்.

க்வேக்கா என்பது ஆணும் பெண்ணும் கைக்குட்டை வீசி ஜோடியாக ஆடும் சிலி நாட்டு நடனம். 1978 முதல், கணவரை இழந்த பெண்கள் அதைத் தனியே ஆடத் தொடங்கினார்கள். அதையும் துணியில் தைத்திருக்கிறார்கள். கறுப்புப் பாவாடை, வெள்ளை ரவிக்கை, மார்பில் அவனுடைய படம், உயர்த்திய கையில் கைக்குட்டை. எதிரே அவன் நிற்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.