‘எங்கே வலிக்குது?’

சென்னைவாசிகள் ஒரு நாள் காலையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிப் பக்கம் போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டில் நாய், பூனை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஏ.சி. காரில் வந்து இறங்கிய லாப்ரடாரும், மார்க்கெட் கூடைக்குள் பழைய துண்டு சுற்றி எடுத்து வரப்பட்ட தெருப் பூனையும் பக்கத்துப் பக்கத்தில் காத்திருக்கிற இடம் அது. 1903-ல் ஆரம்பித்த கல்லூரி!

அங்கே வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக ஓடிக்கொண்டிருக்கும் சின்னப் பிள்ளைகளைக் கவனியுங்கள். பலர் இன்டர்ன்கள். நாலரை வருஷப் படிப்பு முடித்து, ஒரு வருஷப் பயிற்சியில் இருப்பவர்கள். மாடு, ஆடு, கோழி என்று சுற்றுகிற அந்த வருஷத்தில் நாய், பூனை வைத்தியமும் உண்டு. என் அக்கா மகளும் அப்படிப் பயிற்சி எடுத்தவள்தான். (உறவுக்காரர்கள் இன்னமும் ‘மாட்டு டாக்டர்’ என்றுதான் சொல்கிறார்கள். அவள் கண்டுகொள்வதில்லை.)

“மாமா, மனுஷ டாக்டருக்கு ‘எங்கே வலிக்குது?’ன்னு ஒரு கேள்வி இருக்கு. எங்களுக்கு அது கிடையாது. வலிக்கிறது ஒருத்தருக்கு, பேசறது இன்னொருத்தர். பேசறவர் பாதியை முழுங்கிடுவார்” என்றாள்.

பூனை மூச்சு வாங்குகிறது. ஈறு நிறம் மாறிக் கிடக்கிறது. “வீட்டுல மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?” “சேச்சே, இல்லை டாக்டர்!” மூன்றாவது முறை வேறு மாதிரிக் கேட்டால்தான் வரும், “காய்ச்சலாட்டம் இருந்துச்சு... பாதி பாராசிட்டமால்தான்...” நமக்குச் சாதாரண மாத்திரை. பூனைக்கு விஷம். அதை முறித்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும். சரி, அந்த இடத்தில் ஓனரைத் திட்டலாமா? “திட்டினா அடுத்த தடவை கூட்டிட்டே வர மாட்டாங்க மாமா. திட்டாம கேட்கறதுதான் பெரிய டிரெயினிங்” என்கிறாள்.

இன்னொன்று, கொஞ்சம் பயங்கரமானது. தாடை தொங்கி, எச்சில் ஒழுக ஒரு நாய் வருகிறது. “தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு டாக்டர், எடுத்து விடுங்க.” பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். ஆனால், கையை விட்டுவிடக் கூடாது! வெறிநோய் வந்த எல்லா நாயும் சினிமாவில் மாதிரி பாய்ந்து கடிக்காது. ஒரு வகை இப்படி வாய் செத்து, சாதுவாகப் படுத்துக் கிடக்கும். அறிகுறி வந்துவிட்டால் நாயும் பிழைக்காது, அது தொற்றி அறிகுறி வந்த மனுஷனும் அநேகமாகப் பிழைக்க மாட்டான். அதனால்தான் இந்தப் பிள்ளைகள் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள். நாயைப் பார்த்த கையோடு, வீட்டில் யார் யார் வாயில் கை விட்டுப் பார்த்தீர்கள் என்று விசாரித்து, அத்தனை பேரையும் மனுஷ ஆஸ்பத்திரிக்குத் துரத்துவதும் இவர்கள் வேலையே.

பக் நாய் ஞாபகம் இருக்கிறதா? 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே போகுமே... அதைப் பார்த்துவிட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்! “தூங்கும்போது குறட்டை விடும், அவ்வளவு க்யூட்!” என்பார்கள். க்யூட் எல்லாம் இல்லை சார். சப்பை மூக்குக்காகவே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வளர்த்த ஜாதி. மூக்குத் துவாரம் சின்னது, உள்ளே அண்ணச் சதை நீளம். அது மூச்சுக்குத் திண்டாடுகிறது. மே மாதச் சென்னையில் கேட்கவே வேண்டாம். நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவை. அவை ஏனோ நம் கண்ணில் படுவதில்லை.

ஒரு ராத்திரி அவள் எனக்கு போன் செய்தாள். குரல் சரியில்லை. அன்றைக்கு ஒரு ஆட்டோக்காரர், லாரி ஏறிய தெரு நாயைத் தூக்கி வந்திருக்கிறார். ஸ்டாண்டில் படுத்திருக்கும், டீக்கடை பன் தின்று வளர்ந்த நாய். முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. பெரிய டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, கருணைக்கொலைதான் என்றார். மயக்க மருந்தை அளவுக்கு மேல் ஏற்றுவார்கள், தூக்கத்திலேயே போய்விடும். முன்னங்காலில் நரம்பு தெரியப் பிடித்துக்கொள்வது இவள் வேலை.

“அவர் என்னைப் பார்த்து, ‘பணம் கட்டுறேம்மா, எவ்வளவு ஆனாலும் கட்டுறேன்’னார் மாமா. பணத்தால ஆகாதுன்னு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அது கடைசி வரைக்கும் வாலை ஆட்டப் பார்த்துச்சு. ஆடலை.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “பேங்க் எக்ஸாம் எழுதிடட்டுமா மாமா? நீங்க பி.காம்.தானே, சொல்லுங்க” என்றாள்.

வரவு செலவென்றால் சொல்வேன். இதற்கு என்ன சொல்ல? “சாப்பிட்டியாம்மா?” என்றேன். “இல்லை.” “முதல்ல சாப்பிடு.”

மறுநாள் டியூட்டிக்குப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். எக்ஸாம் பேச்சு நின்றுபோனது என்று சொல்ல மாட்டேன், அவ்வப்போது வரும்.

சில வாரம் கழித்து அதே ஆட்டோக்காரர் வந்தாராம். சட்டைக்குள் ஒரு செவலைக் குட்டி. “இதுக்கு எப்பெப்போ என்ன ஊசின்னு எழுதிக் குடும்மா” என்றிருக்கிறார். ஆறு வாரத்துக்கு மேல் பார்வோ, டிஸ்டெம்பர் ஊசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறுபடியும், மூன்று மாதத்தில் ரேபிஸ், பிறகு டாக்டர் சொல்கிறபடி பூஸ்டர் என்று அட்டையில் எழுதிக்கொண்டே வந்தவள், நாயின் பெயர் என்ற இடத்தில் நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாளாம்.

“பழைய பேரையே போட்டுடும்மா” என்றார் அவர்.