சுவாமிமலைப் பட்டறைகளில் அரம் பிடிப்போர்

2023 செப்டம்பரில் நடந்த ஜி-20 உச்சி மாநாட்டையொட்டிப் புதுதில்லி பாரத் மண்டபத்தின் முகப்பில் 27 அடி உயரமும் ஏறத்தாழ 18 டன் எடையும் கொண்ட நடராசர் திருமேனி நிறுவப்பட்டபோது, அதை ஏழு மாதங்களில் செய்துமுடித்த ஸ்தபதிகளின் ஊராகிய சுவாமிமலையின் பெயர் நாளிதழ்களில் பெரிதாக அடிபட்டது. ஸ்தபதியின் கைத்திறனைப் போற்றிய அச்செய்திகள், அத்தகைய ஒரு பணி எவரெவருக்கு என்ன கூலியைத் தருகிறது என்பதைப் பெரும்பாலும் தொடாமலே விட்டன. பண்பாடும் படைப்பாற்றலும் வேலைவாய்ப்பைப் பெருக்கும் என்பது இன்று உலக மேடைகளில் ஒலிக்கும் கருத்து. ஐக்கிய நாடுகள் அவை 2021ஐப் படைப்புப் பொருளாதாரத்துக்கான பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது. இத்துறைகள் உலக உற்பத்தி மதிப்பில் 3.1 விழுக்காட்டையும் வேலைவாய்ப்பில் 6.2 விழுக்காட்டையும் தருகின்றன என்பது யுனெஸ்கோ 2022இல் வெளியிட்ட கணக்கு. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், உற்பத்திப் பங்கைப்போல் இருமடங்கு ஆள்களுக்கு வேலை கிடைக்கிறது என்று மகிழலாம். தலைக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் பாதிதான் என்றும் அதே எண்களைப் படிக்கலாம். சுவாமிமலைப் பட்டறைகளைச் சுற்றிவருவோருக்கு இரண்டாவது வாசிப்பே பொருத்தமாகப் படும்.

கும்பகோணத்துக்கு மேற்கே, காவிரிக்கரையில் அமைந்த இவ்வூரில் சிற்பவேலை மெழுகில் தொடங்குகிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் ஸ்தபதி உருவத்தை வடிக்கிறார். அளவுக்கு இரும்பு அளவுகோலை நாடாமல், திருமேனியின் உயரத்துக்கு நறுக்கிய தென்னை ஓலைக் கீற்றையே மடித்து மடித்துப் பங்கிடுகிறார். முதன்மைத் தெய்வங்களுக்கு 124 பங்கு கொண்ட உத்தம தசதாலமும் தேவியருக்கு 120 பங்கு கொண்ட மத்திம தசதாலமும் வழங்குகின்றன. தாலம் என்பது முகத்தின் நீளத்தை அடிப்படையாகக் கொண்ட உடலளவு முறை. மெழுகுருவின் மேல் காவிரியின் வண்டல்மண்ணை முதற்பூச்சாக இட்டு, அதன்மேல் களிமண்ணும் மணலும் கலந்த பூச்சுகளை ஏற்றி, இரும்புக் கம்பிகளால் கட்டி நிழலில் உலர்த்துவர். முதற்பூச்சு எந்த அளவுக்கு நைசாக இருக்கிறதோ அந்த அளவுக்கு மெழுகின் நுணுக்கம் உலோகத்தில் இறங்கும் என்பதால், வண்டலைச் சலித்து அரைப்பவரின் கவனம் சிற்பத்தின் முகத்திலேயே தெரிந்துவிடும். அதன்பின் வறட்டி நெருப்பில் மெழுகு உருகி வெளியேற, மெழுகின் எடையைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு உலோகம் அந்த வெற்றிடத்தில் வார்க்கப்படுகிறது. பார்ப்போர் கூடுவதும் படம் பிடிக்கப்படுவதும் இக்கட்டத்தில்தான். வேலை நேரத்தில் இதன் பங்கு மிகச் சிறியது.

மண்கருவை உடைத்து வெளியே எடுக்கப்படும் திருமேனி கறுத்து, சொரசொரப்பாக, உலோகம் பாய்ந்த குழாய்களின் தண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையில் இருக்கிறது. அதைத் தெய்வ வடிவாக்கும் வேலை அரம் பிடிப்போரிடம் வருகிறது. தண்டுகளை அறுத்தபின் முரட்டு அரத்தால் மேற்பரப்பை ராவுவதும், தட்டையரம், அரைவட்ட அரம், முக்கோண அரம், எலிவால் அரம் என்று இடத்துக்கேற்ப மாற்றிக்கொண்டு மடிப்புகளுக்குள் இறங்குவதும், பின்னர் உளியால் அணிகளைத் தெளிவாக்கி மெருகிடுவதும் நாள்கணக்கில், பெரிய திருமேனியாயின் மாதக்கணக்கில் நீளும். தரையில் அமர்ந்து, சிற்பத்தைச் சாக்கின்மேல் கிடத்தி, அதன் பீடத்தை உள்ளங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ராவும் ஒருவர், நடராசரைச் சூழ்ந்த சுடர்வளையமாகிய திருவாசியில் இரு சுடர்களுக்கு நடுவே உள்ள விரற்கடை இடைவெளியில் எலிவால் அரத்தை நுழைக்கும்போது, கை முன்னே போகும் போக்கில் மட்டுமே அழுத்தம் தந்து, திரும்பும்போது தளர்த்துகிறார். திரும்புகையில் அழுத்தினால் அரத்தின் பல் மழுங்கும். பற்களுக்கிடையே அடைந்த தூளைக் கம்பித் தூரிகையால் தட்டிவிடுகிறார். சாக்கில் சேரும் அந்தத் தூளும் கூட்டி எடுத்துவைக்கப்படுகிறது, செம்பு அதில் இருப்பதால். முகத்தில் ஓர் இழை கூடுதலாக ராவிவிட்டால் இதழின் முறுவல் மறைந்துவிடும். மெழுகு உருகிப்போய், கருவையும் உடைத்தாகிவிட்டதால் அதே மெழுகுக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை. இத்தகைய தீர்மானத்தைக் கணந்தோறும் எடுக்கும் கையைப் ‘படைப்பாளி’ என்னாமல் ‘கூலியாள்’ என்று வகைப்படுத்துவது கணக்கெழுதுவோருக்கு வசதியாக இருக்கலாம். உண்மைக்கு அது பொருந்தாது. மின்சாரத்தால் சுழலும் அரவைக் கருவி முரட்டுவேலையைக் குறைத்திருக்கிறது. அதனால் மிச்சமாகும் நேரம் எவருக்கு இலாபமாகிறது என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கான விடை விற்பனைச் சங்கிலியில் இருக்கிறது. கோயில் திருப்பணிக்குழு நேராக ஸ்தபதியிடம் வரும்போது விலையைப் பேச அவருக்கு இடமுண்டு. 1973இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், பூம்புகார் என்ற பெயரில், விற்பனைக்கு ஓர் அரசு வழியைத் திறந்தது. இவற்றுக்கு வெளியே, நகரத்துக் கலைப்பொருள் கடைகளும் ஏற்றுமதி முகவர்களும் கொண்டுவரும் வாங்கலில், எடைக்கு விலை பேசும் வழக்கம் நுழைந்துவிடுகிறது. சிற்பத்தைக் கிலோ கணக்கில் மதிப்பிடும் வணிகர் உண்மையில் செம்பை வாங்குகிறாரே தவிர ராவிய மாதங்களை வாங்குவதில்லை. அதே பொருளைத் தம் கடையில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தவுடன் ‘ஆயிர ஆண்டு மரபு’ என்று விலைச்சீட்டில் ஏற்றுவதற்கு அவர் கூசுவதும் இல்லை. மரபுக்கு விலையுண்டு, மரபைச் சுமக்கும் தோளுக்கு விலையில்லை என்னும் இந்த ஏற்பாட்டைச் சந்தையின் இயல்பு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. செம்பின் விலை ஏறினால் ஸ்தபதியின் முதலீடு ஏறும். மணல்வார்ப்பில் விரைவாகச் செய்யப்பட்ட மலிவான பித்தளை உருவங்கள் பக்கத்தில் நின்றால் அவரது பேரம் பேசும் வலிமை குறையும். இரண்டுக்கும் நடுவே கடைசியாக நசுங்குவது ராவுகூலி.

ஏற்றுமதிக்கு இன்னொரு தடையும் உண்டு. நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களைத் தொல்பொருளாகக் கொள்ளும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் காரணமாக, புதுத் திருமேனி வெளிநாடு செல்லுமுன் அது தொல்பொருள் அன்று என்று இந்தியத் தொல்லியல் துறை சான்றளிக்க வேண்டியிருக்கிறது. செய்த திருமேனி சோழர் காலப் பாணியை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவுக்கு ஐயத்துக்கு உள்ளாகும் விந்தையான தொழில் இது. சிலைத்திருட்டுகளின் வரலாற்றைப் பார்த்தால் அந்தச் சான்று தேவையானதுதான். சான்றுக்குக் காத்திருக்கும் காலத்தில் முடங்குவது சிறு பட்டறையின் பணம் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

அரசுத் திட்டங்கள் இத்தொழிலாளரை எப்படிக் காண்கின்றன என்பது தனியே ஆராயத்தக்கது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம், சிற்பிகள் உள்ளிட்ட 18 தொழில்களுக்கு 3 இலட்சம் ரூபாய் வரை கடனும் கருவிகளுக்கு 15,000 ரூபாயும் தருகிறது. குடும்பவழித் தொழிலையே செய்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாட்டு அரசு எதிர்த்து, 2024இல் அத்திட்டத்தை அதே வடிவில் ஏற்க மறுத்து, 25 தொழில்களைக் கொண்ட கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. மெழுகுவேலை பெரிதும் விஸ்வகர்மக் குடும்பங்களின் வழியில் வந்ததாயினும், மண் குழைப்பதற்கும் உலை பார்ப்பதற்கும் ராவுவதற்கும் பிறப்பைத் தகுதியாகக் கொள்ளக் காரணம் இல்லை. தொழிலைக் கற்பவரின் வட்டம் விரிந்தால்தான் வேலைவாய்ப்பு என்ற சொல்லுக்கே பொருள் வரும். ஆயினும் ஒன்றிய அரசின் திட்டம் சுயதொழில் செய்வோரையே பயனாளியாகக் கொள்கிறது. மாநிலத் திட்டமும் கடனையும் மானியத்தையும் மையமாகக் கொண்டு, சொந்தத் தொழில் நடத்துவோரை மனத்தில் வைத்தே அமைந்திருக்கிறது. பிறருடைய பட்டறையில் நாட்கூலிக்கோ துண்டுக்கூலிக்கோ அரம் பிடிப்பவருக்குத் தேவைப்படுவது கடன் அன்று. தூளிலிருந்து நுரையீரலைக் காக்கும் ஏற்பாடும், வேலையில்லா மாதங்களுக்கான காப்பும், பேசிய கூலிக்கு ஒரு தாளும்தான் அவருக்குத் தேவை. விண்ணப்பப் படிவத்தில் அவற்றைக் கேட்பதற்கான கட்டம் எதுவும் இல்லை.