திரும்பி வந்த பயிற்றுநர்



இப்பதிவு காற்பந்தைப் பற்றியது. ஆனால், நம் பள்ளித் திடலில் பிள்ளைகள் உதைத்து ஆடும் காற்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசம் அணிந்து, முட்டி மோதி ஆடுகிறார்களே, அந்த அமெரிக்கக் காற்பந்து. அவ்வாட்டத்தின் மீது எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆயினும், அவ்வுலகைச் சேர்ந்த ஒரு முதியவரின் கதை சில மாதங்களாக என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அதற்கான காரணத்தைப் பிற்பகுதியில் சொல்கிறேன்.

அவர் பெயர் டாம் காஃப்லின். 1946ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்லூ என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1993இல் பாஸ்டன் கல்லூரியின் பயிற்றுநராக இருந்தபோது, நாட்டின் முதல்நிலைக் குழுவாக விளங்கிய நோட்டர் டேமை 41-39 என்ற கணக்கில் வீழ்த்திப் புகழ்பெற்றார். அடுத்த ஆண்டே புளோரிடா மாநிலத்தின் ஜேக்சன்வில் நகரில் புதிதாக உருவான ஜாகுவார்ஸ் குழு அவரைத் தன் முதல் பயிற்றுநராக அமர்த்திக்கொண்டது. அப்போது அக்குழுவுக்குப் பெயர் மட்டுமே இருந்தது. ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. ஒரு குழுவை ஒன்றுமில்லாமையிலிருந்து உருவாக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று.

1995ஆம் ஆண்டு முதல் பருவத்தில் 16 ஆட்டங்களில் 4 வெற்றி. மறு ஆண்டே அக்குழு தன் பிரிவின் இறுதியாட்டம் வரை சென்றது. 1999இல் 16 ஆட்டங்களில் 14 வெற்றி. அந்தப் பருவத்தில் அவர்கள் தோற்றது மொத்தம் மூன்றே ஆட்டங்களில். மூன்றும் டென்னசி டைட்டன்ஸ் என்ற ஒரே குழுவிடம். மூன்றாவது தோல்வி பிரிவு இறுதியாட்டத்தில் நேர்ந்தது. அதன்பின் சரிவு. 2002ஆம் ஆண்டுப் பருவத்தில் 6 வெற்றி, 10 தோல்வி. காஃப்லின் நீக்கப்பட்டார்.

அவருடைய கண்டிப்பு நாடறிந்தது. கூட்டம் எட்டு மணிக்கு என்றால், எட்டு மணிக்கு வந்தவர் தாமதமாக வந்தவர்! ஐந்து நிமிடம் முன்னதாக வந்தவரே நேரத்திற்கு வந்தவர். இதைக் 'காஃப்லின் நேரம்' என்றே அழைத்தார்கள். 2004இல் அவர் நியூயார்க் ஜயன்ட்ஸ் குழுவின் பயிற்றுநர் ஆனபோதும் இதே சட்டம்தான். கூட்டத்திற்கு முன்னதாகவே வந்தும், போதிய அளவு முன்னதாக வரவில்லை என்று அங்கே ஆட்டக்காரர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது.

2006ஆம் ஆண்டுப் பருவம் 8 வெற்றி, 8 தோல்வி என முடிந்தது. ஆட்டக்காரர்கள் சலித்துப்போயிருந்தார்கள், நாளேடுகள் அவரை நீக்கும்படி எழுதின. குழு அவருக்கு மேலும் ஓராண்டு மட்டும் ஒப்பந்தத்தை நீட்டித்தது. அப்போது அவருக்கு அறுபது வயது. அந்த வயதில் மனிதர்கள் மாறுவது அரிது. அவர் மாறினார். மூத்த ஆட்டக்காரர்கள் சிலரைக் கொண்டு ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்து அவர்கள் சொல்வதைக் கேட்கலானார். பயிற்சி முகாமில் ஒரு நாள், கூட்டம் என்று அழைத்துவிட்டு, எல்லாரையும் பௌலிங் விளையாட அழைத்துச் சென்றார். ஐந்து நிமிடச் சட்டத்தை அவர் விடவில்லை. ஆனால், அச்சட்டம் எதற்காக என்று அவரிடம் நேருக்கு நேராகக் கேட்க இயன்றது.

அந்தப் பருவத்தின் முடிவில், 2008 பிப்ரவரி 3ஆம் நாள், ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் 18 வெற்றிகளுடன் வந்திருந்த நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸை 17-14 என வீழ்த்தி, ஜயன்ட்ஸ் சூப்பர் பவுல் கிண்ணத்தை வென்றது. 2012 பிப்ரவரியில் அதே பேட்ரியாட்ஸை மீண்டும் வென்றார்கள். 2016 ஜனவரியில், பன்னிரண்டு பருவங்களுக்குப் பிறகு காஃப்லின் பதவி விலகினார். கதை இத்துடன் முடிந்திருந்தால் அது ஒரு நிறைவான கதை.

2017 ஜனவரியில், தம்மை நீக்கிய அதே ஜாகுவார்ஸ் குழுவுக்கு அவர் திரும்பினார். குழுவின் அன்றைய உரிமையாளர் ஷாஹிட் கான், 2013இல் இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் காற்பந்துக் கழகத்தை வாங்கியவர் என்றால் நம்மவர்களுக்கு எளிதில் புரியும். இம்முறை காஃப்லின் வந்தது பயிற்றுநராக அன்று. காற்பந்து நடவடிக்கைகள் அனைத்துக்கும் பொறுப்பான நிர்வாகத் துணைத் தலைவராக. பயிற்றுநர் டக் மரோன், பொது மேலாளர் டேவ் கால்டுவெல் ஆகிய இருவருக்கும் மேலே அவர்.

பயிற்றுநரின் இடம் திடல். யார் சோர்ந்திருக்கிறார், யார் வலியை மறைக்கிறார் என்பதை அவர் நாள்தோறும் கண்ணால் காண்கிறார். நிர்வாக அலுவலகத்தின் வேலை வேறு. யாரைச் சேர்ப்பது, யாருக்கு எவ்வளவு ஊதியம், யாரை வேறு குழுவுக்கு மாற்றுவது, யாருக்கு அபராதம் என்பவை அங்கே முடிவாகின்றன. அங்கிருந்து ஆட்டக்காரருக்குச் செல்வது பெரும்பாலும் கடிதம்.

முதலாண்டு மெய்யாகவே வியக்கவைத்தது. 2016இல் 3 வெற்றி மட்டுமே பெற்றிருந்த குழு 2017இல் 10 வெற்றி பெற்றது. பத்தாண்டுகளுக்குப் பின் முதன்முறையாக அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்று, பஃபலோவையும் பிட்ஸ்பர்க்கையும் வென்று, பிரிவு இறுதியாட்டத்தில் பேட்ரியாட்ஸை எதிர்கொண்டது. கடைசிக் கால்பகுதியில் 20-10 என முன்னிலையில் இருந்தும் 24-20 என்று தோற்றது. கிழவர் வந்தார், குழு எழுந்தது என்று ஊரே பேசியது.

மறு ஆண்டு 5 வெற்றி, 11 தோல்வி. 2018இன் கடைசி ஆட்டம் முடிந்த அன்று, தம் குழுவின் ஆட்டக்காரர் இருவரை மரியாதையற்றவர்கள், தன்னலக்காரர்கள் என்று கண்டித்துக் காஃப்லின் பொது அறிக்கை வெளியிட்டார். 2019 அக்டோபரில், குழுவின் மிகச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரரான ஜேலன் ராம்சி, நிர்வாகத்தோடு மனம் கசந்து மாற்றல் கேட்டு வெளியேறினார். பிறகு வந்தது டான்டே ஃபவுலர் வழக்கு. பருவம் முடிந்த ஓய்வுக்காலத்தில் குழுவின் மருத்துவரிடம் வரவில்லை என்று 2018இல் அவருக்கு விதிக்கப்பட்ட அபராதத்தின் கூட்டுத்தொகை 7 லட்சம் டாலருக்கும் அதிகம். ஓய்வுக்காலத்தில் அப்படிக் கட்டாயப்படுத்த ஒப்பந்தத்தில் இடமில்லை என்று நடுவர் தீர்ப்பளித்தார்.

2019 டிசம்பரில் ஆட்டக்காரர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. முந்தைய ஈராண்டுகளில் 32 குழுக்கள் மீதும் எழுந்த முறையீடுகளில் 25 விழுக்காட்டுக்கு மேல் இந்த ஒரு குழுவின் மீதானவை. அடுத்த குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது இதை எண்ணிப் பாருங்கள் என்றது அக்கடிதம். ஓரிரு நாளில், டிசம்பர் 18ஆம் நாள், பருவம் முடிய இரண்டு ஆட்டங்கள் இருக்கையில், காஃப்லின் நீக்கப்பட்டார். ஒரே குழுவில் இரண்டாம் முறை.

கண்டிப்பு தோற்றது என்று இதற்குப் பொருள் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் போன மறு ஆண்டு அக்குழு 16 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் வென்றது. கண்டிப்பானவரை அனுப்பிவிட்டால் வெற்றி தானாக வந்துவிடுவதில்லை. அதே கண்டிப்பு 2007இல் கிண்ணத்தைக் கொணர்ந்தது. 2019இல் பகையைக் கொணர்ந்தது. என் பார்வையில் வேறுபாடு இதுதான்: முன்னதில் அவர் திடலில் நின்றார், எதிர்க்கேள்வி கேட்க ஆட்கள் இருந்தார்கள். பின்னதில் அவர் மேல்மாடியில் இருந்தார்.

இனி என் செய்திக்கு வருகிறேன்.

இவ்வாண்டு இறுதியில் எனக்கு அறுபது வயது நிறைகிறது, பணி ஓய்வு. என் பணிக்காலத்தில் 11 ஆண்டுகள் ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியராகவும் காற்பந்துப் பயிற்றுநராகவும் இருந்தேன். அன்று அங்கே 180 பிள்ளைகள். இன்று 47. நூற்றைம்பதுக்கும் குறைவாகப் பிள்ளைகள் உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. அந்த வரம்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நிலை. தோட்டம் கைமாறிவிட்டது. குடும்பங்கள் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துவிட்டன. பள்ளி இருக்குமா, இடம் மாறுமா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது.

அப்பள்ளியின் மேலாளர் வாரியத்தினர் மூவர் சில மாதங்களுக்கு முன் என் இல்லத்திற்கு வந்தார்கள். "ஐயா, ஓய்வு பெற்றதும் நீங்கள்தான் வாரியத் தலைவராக வர வேண்டும். உங்கள் காலத்துக் கட்டொழுங்கு திரும்பினால் பிள்ளைகளும் திரும்புவார்கள்," என்றார் அவர்களுள் மூத்தவர். அவர் என் நெடுநாள் நண்பர். கேட்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. விட்டு வந்த இடம் நம்மைத் திரும்ப அழைப்பதைக் காட்டிலும் ஓர் ஆசிரியனுக்குப் பெரிய விருது ஏது?

மறுநாள் அப்பள்ளியின் தலைமையாசிரியைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். ஆறாம் ஆண்டில் என்னிடம் படித்தவர் அவர். "நீங்கள் வந்தால் எங்களுக்குப் பலம்தான் ஐயா," என்றார். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ஆனால் இப்போது பிள்ளைகள் பிந்தி வந்தால் அவர்களைத் தண்டிக்க முடியாது ஐயா. முக்கால்வாசிப் பேர் வேனில் வருகிறார்கள். வேன் மூன்று குடியிருப்புகளைச் சுற்றிக்கொண்டு வருகிறது," என்றார்.

அவர் எதை நினைத்துச் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது. என் காலத்தில் பள்ளி வாயில் 7.30க்கு மூடப்படும். அது ஊரறிந்த சட்டம். ஊர் அறியாதது ஒன்றுண்டு. நான் 6.45க்கே வாயிலில் நிற்பேன். எந்தப் பிள்ளையின் தாய் விடியுமுன்னே செம்பனைக் காட்டுக்குப் போய்விடுகிறாள், எந்தப் பிள்ளை தம்பியைக் குளிப்பாட்டி அழைத்து வருகிறது, எவன் ஓடைக்கரையில் மீன் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வருகிறான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மீன் பார்த்தவனுக்குத் திடலைச் சுற்றி ஓட்டம். தம்பியை அழைத்து வந்தவளுக்குச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு குவளை மைலோ. அறிவிப்புப் பலகையில் இருந்தது ஒரே சட்டம். அதை நடைமுறையில் நியாயமாக்கியது வாயிலில் நின்றது.

வாரியத் தலைவரின் நாற்காலியிலிருந்து அந்த வாயில் தெரியாது. வாரியத்தின் பணி நிலம், கட்டடம், நிதி. பாடமும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் தலைமையாசிரியையின் பொறுப்பு. என்னை அழைத்தவர்களோ, நாற்காலியில் அமர்ந்தபடி வாயிலை ஆளச் சொல்கிறார்கள். என் முன்னாள் மாணவியின் தலைக்கு மேல் நான் விதிக்கும் ஒவ்வொரு சட்டத்தையும் அவர்தான் பெற்றோரிடம் விளக்க வேண்டியிருக்கும். என்னை மறுத்துப் பேச அவருக்கு நா எழாது. மறுத்துப் பேச ஆளில்லாத இடத்தில் ஒரு கண்டிப்புக்காரரை அமர்த்தினால் என்ன நேரும் என்பதை ஜேக்சன்வில்லில் பார்த்தோமே!

ஆகவே வாரியத்தினருக்கு மறுமொழி எழுதினேன். தலைவர் பதவி வேண்டா. சாதாரண உறுப்பினராக இருக்கிறேன். நிலப்பட்டா தொடர்பாக மாவட்டக் கல்வி அலுவலகத்திற்கு மலாய்மொழியில் எழுத வேண்டிய கடிதங்களை எழுதித் தருகிறேன். தலைவராக, கணக்காளராகப் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவரை அணுகுங்கள். அவருக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை, அவருடைய பிள்ளையும் அங்கேதான் படிக்கப் போகிறாள். எனக்கு, தலைமையாசிரியை இசைந்தால், வாரத்தில் ஒரு மாலை திடலைத் தாருங்கள். 47 பேரில் ஒரு காற்பந்துக் குழுவைத் திரட்டுவது பெரும்பாடுதான்; பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் இயலும் என்று நினைக்கிறேன்.

நண்பருக்கு இது பிடிக்கவில்லை. பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறேன் என்கிறார். ஒரு மாதமாக என்னோடு பேசவில்லை. பள்ளி மூடப்பட்டுவிட்டால் அந்தச் சொல் என்னை வருத்தும் என்பதை அறிவேன். ஆனாலும் என் முடிவில் மாற்றமில்லை. தலைமையாசிரியை மட்டும், "வெள்ளிக்கிழமை மாலை சரிவருமா ஐயா?" என்று குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார்.

காஃப்லினைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பாஸ்டன் கல்லூரியில் அவர் பயிற்றுவித்த ஜே மெக்கில்லிஸ் என்ற இளைஞன் 1992இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தான். அவன் நினைவாக 1996இல் அவர் ஜே அறநிதியைத் தொடங்கினார். புற்றுநோய் கண்ட பிள்ளைகளின் குடும்பங்களுக்கு வீட்டுச் செலவுகளில் கைகொடுப்பது அதன் பணி. 2002இல் நீக்கப்பட்டபோதும், 2019இல் நீக்கப்பட்டபோதும் ஜேக்சன்வில்லில் அப்பணி நின்றுவிடவில்லை. அதற்கு அவருக்கு எந்தப் பதவியும் தேவைப்படவில்லை.

பள்ளி வாரியங்களில் பணியாற்றிய அனுபவமுள்ள வாசகர்கள் என் முடிவு சரியா என்று எழுதுங்கள். மாற்றுக் கருத்தாயினும் மகிழ்ச்சியே.