சந்தையில் ஏழு ஆடு

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்தபோது, கொரோனா விடுமுறையில் எழுத்தே மறந்துபோன பிள்ளைகள்தான் எங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளில் நிறைய. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தது பெரிய உதவி. பாட்டும் ஆட்டமும் படஅட்டைகளுமாக வகுப்பே கலகலப்பானது. அதை யார் குறை சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

என் மனக்குறை மதிப்பீட்டில்தான். ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்துக் கேட்டு, விடையைத் திட்டத்தின் செயலியில் பதிவேற்ற வேண்டும். சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நிற்கிற நேரமெல்லாம் பாடநேரம்தானே?

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், ஆடு மேய்க்கிற வீடு. திரையில் 23 - 7 வந்ததும் முழித்தான்.

"தம்பி, பட்டியில இருபத்துமூணு ஆடு. சந்தையில ஏழு வித்தாச்சு. மிச்சம் எத்தனை?"

"பதினாறு டீச்சர். அதுல ரெண்டு சினை."

செயலியில் அவன் இன்னும் அரும்பு நிலையில்தான். இப்படி ஒரு பதிலைக் குறித்துவைக்க ஆசிரியருக்கு நாலு வரி இடம் வேண்டும். ஆசிரியர்களுக்கான அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் இதைத்தான் கேட்கப்போகிறேன்.