ஆறு இலக்கம் மட்டும் போதாது

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரக் கரிசல் கிராமங்களில் பல வீடுகளுக்கு இரண்டு வருமானம். மானாவாரியில் மக்காச்சோளம், பருத்தி, உளுந்து ஒரு பக்கம். பட்டாசு ஆலைக் கூலி மறுபக்கம். மருந்து புழங்கும் இடத்தில் செல்போனுக்கு அனுமதி கிடையாது. அதனால், வேலைக்குப் போனவரிடம் பேச வீட்டில் இருப்பவர்களுக்கு ஆலை அலுவலகத்தின் தொலைபேசி எண்தான் ஒரே வழி.

அப்படி ஒரு குடும்பத்தில், மருமகள் ஆலைக்குப் போயிருந்தார். மாமியார் மக்காச்சோளக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். மேற்கே பெரிய சத்தம். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தவர், காலண்டர் அட்டையில் மருமகள் எழுதிவைத்திருந்த எண்ணைச் செல்போனில் அழுத்தினார். மூன்று முறையும், எண்ணைச் சரிபார்க்கச் சொல்லும் குரல்தான் வந்தது. மருமகள் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டதாக நினைத்து, பக்கத்து வீட்டு வண்டியில் ஆலைக்கே கிளம்பிவிட்டார். அந்த நேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரன் அட்டையைப் பார்த்தான்.

“அப்பத்தா, இதுல ஆறு நம்பர்தான இருக்கு? இது செல் நம்பர் இல்ல, லேண்ட்லைன். முன்னாடி 04562 போடணும்.”

போட்டதும் மணி அடித்தது. சத்தம் கல்குவாரியில் வைத்த வெடி. மருமகளுக்கு ஒன்றுமில்லை. ஆனால், அந்தக் கால் மணி நேரம் அந்த அம்மா பட்டபாடு கொஞ்சமல்ல. அட்டையில் இருந்த எண் தப்பில்லை. பாதி எண்தான் அதில் இருந்தது.

ஒரே குறியீட்டுக்குள் லேண்ட்லைனில் இருந்து லேண்ட்லைனுக்குப் பேச ஆறு இலக்கம் போதும். அந்தப் பழக்கத்தில்தான் பில்லிலும் காலண்டரிலும் ஆறு இலக்கத்தை மட்டும் அச்சடித்தார்கள். செல்போனுக்கு ஊர் கிடையாது. அடுத்த தெரு லேண்ட்லைனாக இருந்தாலும் 0 சேர்த்து ஊர்க் குறியீட்டைப் போட்டே ஆகவேண்டும். விருதுநகர், சிவகாசி, சாத்தூருக்கு 04562. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 04563. அருப்புக்கோட்டைக்கு 04566. பக்கத்துக் கோவில்பட்டிக்கு 04632.

எண்ணைப் பார்த்ததும் பிரித்தறிவது சுலபம். முன்னால் இருக்கும் 0 அல்லது +91-ஐத் தள்ளிவிட்டு எண்ணிப் பாருங்கள். இரண்டு வகைக்கும் மொத்தம் பத்து இலக்கம்தான். ஆறு, ஏழு, எட்டு இலக்கம் மட்டும் இருந்தால், அது குறியீடு விட்டுப்போன லேண்ட்லைன். பத்து இலக்கம் இருந்து 4-ல் தொடங்கினால் லேண்ட்லைன். தமிழ்நாட்டின் ஊர்க் குறியீடுகள் எல்லாமே 04-ல்தான் தொடங்குகின்றன. 6, 7, 8, 9-ல் தொடங்கினால் பெரும்பாலும் செல்போன்.

‘பெரும்பாலும்’ என்று சொல்லக் காரணம் உண்டு. விருதுநகர் வத்தல் வியாபாரிகள் பேசும் குண்டூருக்குக் குறியீடு 0863. பெங்களூருக்கு 080. முன்னால் உள்ள 0 விட்டுப்போனால் இவையும் 8-ல் தொடங்கும் செல் எண் போலவே தெரியும். வெளிமாநில எண் என்றால் ஊரையும் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆலை அலுவலகத்தில் இருந்து வீட்டுச் செல்போனுக்குப் பேசுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல், லேண்ட்லைனில் இருந்து செல்போனை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். பத்து இலக்கத்தை மட்டும் அழுத்தினால் போகாது.

விண்ணப்பங்களிலும் இந்த வித்தியாசம் முக்கியம். பி.எம்.கிசான், ஆதார், வங்கி எதுவானாலும் ஓ.டி.பி. குறுஞ்செய்தி செல்போனுக்குத்தான் வரும். அங்கே கடை லேண்ட்லைன் எண்ணைக் கொடுத்துப் பலனில்லை. குடும்பத்தில் ஒருவர் கையில் எப்போதும் இருக்கும் செல் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

ஆலைக்கு ஆள் போகும் ஒவ்வொரு வீட்டிலும் இன்றைக்கே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆலை எண்ணை 04562 போன்ற குறியீட்டோடு சேர்த்து, பெரிய எழுத்தில் சுவரில் எழுதுங்கள். அதன் கீழே தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எல்லா அவசரத்துக்கும் 112 என்றும் எழுதுங்கள். இந்த மூன்றுக்கும் குறியீடு வேண்டியதில்லை. எழுதியதோடு விடாமல், ஆலை எண்ணை ஒருமுறை செல்போனில் அழுத்தி, மணி அடிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.