நம்ம பக்கம் எத்தனை, சாமி?

சென்ற ஆண்டு ஆனி மாதம், சாரல் சற்றே ஓய்ந்த ஒரு மாலைவேளை. மேலகரத்தில் பங்கு இளைஞர்களின் கபடிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பாடிச் சென்ற பையன் ஒருவனை எதிரணியினர் இழுத்து வீழ்த்த, அவன் நெற்றி மற்றொருவனுடைய முழங்காலில் மோதிற்று. இரத்தம் வரவில்லை, வீக்கமும் இல்லை. கோட்டுக்கு வெளியே வந்து அமர்ந்தவன், "நம்ம பக்கம் எத்தனை, சாமி?" என்று கேட்டான். சொன்னோம். சிறிது நேரத்தில் அதையே மறுபடியும் கேட்டான். மூன்றாம் முறையும் கேட்டான். ஆட்டத்தின்மேல் உள்ள ஆர்வம் என்றெண்ணி நகைத்தோம். தண்ணீர் கொடுத்து, முதுகில் தட்டி, அவனை மீண்டும் களத்துக்கு அனுப்பியவர் வேறு யாருமல்லர், நாமே. கூட்டம் கைதட்டியது. அவன் மறுபடியும் விழுந்தான்.

அதன்பின் மூன்று வாரம் ஓயாத தலைவலி. வெளிச்சம் கண்டால் கண் கூசும். புத்தகத்தை விரித்தால் மனம் நில்லாது. "வெளியில ஒரு கீறல்கூட இல்லையே, சாமி" என்றார் அவனுடைய தாய். அச்சொல்லில் பழிப்பு இல்லை. இருந்திருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும்.

நம் பக்கத்தில் தேங்காய் வாங்குவோர் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பதுண்டு. ஓடு முழுதாயிருக்க, உள்ளே நீர் தளும்பும் ஓசை கேட்கும். மூளையும் அவ்வாறே மண்டையோட்டுக்குள் நீரில் மிதப்பது. விரைந்து வரும் தலை சட்டென்று தடைப்பட்டால் ஓடு நின்றுவிடும். மூளை உடனே நிற்பதில்லை. அதன் மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. தலைக்கவசம் ஓட்டைக் காக்குமேயன்றி, இவ்வதிர்ச்சியை முற்றும் தடுப்பதில்லை. முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது நேர்ந்தால், அரிதாக உயிருக்கே ஆபத்தாகும்.

1980ஆம் ஆண்டில் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் மோதினார். நமக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை. தெருவெல்லாம் அவர் பேச்சுத்தான். நாங்களும் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒருவரையொருவர் குத்திக்கொண்டோம். 1984இல் அவருக்கு நடுக்குவாதம் கண்டிருப்பது தெரியவந்தது. குத்துகளே அதற்குக் காரணமென்று மருத்துவர் அனைவரும் ஒருமித்துக் கூறவில்லை. எனினும், பல பந்தயங்கள் ஆடிய குத்துச்சண்டை வீரர் சிலர் குடித்தவர்போல் தள்ளாடுவதை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928லேயே எழுதியிருந்தார். 2002இல் மைக் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் ஐம்பது வயதில் இறந்தபோது, அவர் மூளையைச் சோதித்த டாக்டர் பென்னட் ஒமாலு, அதில் 'டௌ' என்னும் புரதம் திரண்டிருக்கக் கண்டார். மயங்கி விழச் செய்யும் அடி மட்டுமல்ல, ஆண்டுக்கணக்கில் தொடரும் சிறுசிறு மோதல்களும் இதற்கு வழி வகுக்கின்றன. மறதி, சினம், மனச்சோர்வு எல்லாம் விளையாட்டை மறந்தபின் வந்து சேரும். இறந்தபின் மூளையைச் சோதித்தே நோயை உறுதி செய்ய முடிகிறது என்பது மற்றொரு வேதனை.

நம் பையன் தேறிவிட்டான், இறைவனுக்கு நன்றி. இவ்வாண்டுப் போட்டியில் ஒரு விதி சேர்த்தோம்: தலையில் அடிபட்டுத் தடுமாறுகிறவன் அன்று மறுபடி ஆடலாகாது, மருத்துவர் இசைந்த பிறகே களமிறங்கலாம். "சாமிக்குக் கபடி தெரியாது" என்று அணித்தலைவர்கள் முணுமுணுத்தனர். (அது உண்மைதான்.) அரையிறுதி ஆட்டத்தில் நல்ல ஆட்டக்காரன் ஒருவனை நிறுத்திவைத்தோம், அவன் அணி தோற்றது. நான்கு ஞாயிறுகளாகத் திருப்பலி முடிந்ததும் அவன் நம் கண்ணில் படாமல் பக்கவாட்டுக் கதவு வழியே போய்விடுகிறான்.