27 பட்டாலியன்கள்

போன வருடம் மூன்று மாதம் நானும் என் நண்பனும் ஒரே ஒரு சண்டையைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். 1704 ஆகஸ்ட் 13, பவேரியாவில் டான்யூப் கரையோரம் ப்ளென்ஹைம் என்ற கிராமம். ஒரு பக்கம் மார்ல்பரோவும் இளவரசர் யூஜினும், சுமார் 52,000 பேரோடு. எதிரே பிரெஞ்சு மார்ஷல்கள் டலார், மார்சன், கூடவே பவேரியாவின் எலெக்டர், சுமார் 56,000 பேரோடு. எங்களிடம் இருந்தது ஆறடிக்கு நாலடி சாப்பாட்டு மேசை, அட்டையில் வெட்டிய படைகள், ஒரு கை பகடை, ஒரு அளவுநாடா.

ஈயப் பொம்மைகளை வாங்கி, வண்ணம் தீட்டி, மேசையில் வரலாற்றுப் போர்களை நடத்தும் விளையாட்டு இது. பொம்மை வாங்குவதற்கு முன் விதிப்புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும் என்பார்கள். பொம்மையின் அளவு, எத்தனை பொம்மையை ஒரே தட்டில் ஒட்டுவது எல்லாவற்றுக்கும் விதிதான் அடிப்படை. ஒட்டியபின் பிய்த்தால் கால் உடையும். அதனால்தான் முதலில் அட்டை.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு விதி தேடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது ஒரு இடைக்காலம். நெப்போலியனுக்கு எழுதிய விதி இதற்குப் பொருந்தாது, முப்பதாண்டுப் போருக்கு எழுதியதும் பொருந்தாது. ஈட்டி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. துப்பாக்கி நுனியில் பயோனெட்டைச் செருகிக்கொண்டே சுட முடிந்ததால் காலாட்படைக்கு ஈட்டிக்காரனின் துணை தேவைப்படவில்லை. ஸ்வீடன்காரர்கள் ஈட்டியை விடாமல் வைத்திருந்தார்கள். சுடும் முறையிலும் ஒற்றுமை இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் வரிசை வரிசையாகச் சுட்டார்கள். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் பட்டாலியனைச் சின்னச் சின்னப் பிளட்டூன்களாகப் பிரித்து, முறை வைத்துச் சுட்டார்கள். எந்த நேரத்திலும் ஒரு பகுதியினரின் துப்பாக்கியில் குண்டு தயாராக இருக்கும்.

நான் மென்பொருள்காரன். இப்படி ஒரு வேறுபாடு கிடைத்தால் அதை எண்ணாக மாற்றாமல் தூக்கம் வராது. "பிளட்டூன் முறைக்கு ஒரு பிளஸ் ஒன் குடுத்தே ஆகணும்டா" என்றேன். என்னிடம் ஆதாரமும் இருந்தது. 1709இல் மால்ப்ளாகே போரில், ஆங்கிலேயப் பக்கம் இருந்த ஒரு ஐரிஷ் ரெஜிமென்ட்டும் பிரெஞ்சுப் பக்கம் இருந்த ஒரு ஐரிஷ் ரெஜிமென்ட்டும் காட்டுக்குள் நேருக்கு நேர் மோதின. கேப்டன் ராபர்ட் பார்க்கர் எழுதி வைத்திருக்கிறார்: தங்கள் பக்கம் 4 பேர் சாவு, 6 பேர் காயம். எதிரிகள் விட்டுப்போன இடத்தில் செத்தும் காயம்பட்டும் கிடந்தவர்கள் நாற்பது பேருக்கு அருகில். கனமான குண்டும் சுடும் முறையும்தான் காரணம் என்கிறார்.

நண்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மச்சி, நீ கேப்டனா, ஜெனரலா?" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 50,000 பேரை நடத்துகிறவனுக்கு ஒரு பிளட்டூன் எந்த வரிசையில் சுடுகிறது என்பது கண்ணில்கூடப் படாது. அவனுடைய தலைவலி வேறு. ப்ளென்ஹைமில் அது நன்றாகவே தெரிகிறது. கிராமத்தை ஆங்கிலேயர்கள் ஆவேசமாகத் தாக்கினார்கள். அங்கே பொறுப்பிலிருந்த க்ளெராம்போ பதறிப்போய், டலாரிடம் கேட்காமலே, பின்னால் நின்ற சேமப்படையையும் கிராமத்துக்குள் இழுத்துக்கொண்டார். மொத்தம் 27 பட்டாலியன்கள் தெருக்களில் அடைந்துகிடந்தன. நெரிசலில் பலரால் சுடவே முடியவில்லை. திறந்த வெளியான மையத்தில் 9 பட்டாலியன் காலாட்படைதான் மிச்சம். மாலையில் மார்ல்பரோ அந்த மையத்தை உடைத்தார். இரவில் கிராமம் சரணடைந்தது. க்ளெராம்போ டான்யூபில் மூழ்கிப்போனார் என்கிறார்கள்.

ஆக எங்கள் தேர்வுக்கு ஒரே கேள்விதான் மிஞ்சியது. இந்தத் தவறை எந்த விதி எப்படி உண்டாக்குகிறது?

முதலில் 'பிளாக் பவுடர்'. ரிக் ப்ரீஸ்ட்லியும் ஜெர்விஸ் ஜான்சனும் எழுதி 2009இல் வந்தது, 1700 முதல் 1900 வரைக்குமானது. இதில் உத்தரவை வாய்விட்டுச் சொல்லிவிட்டு இரண்டு பகடை போட வேண்டும். தளபதியின் மதிப்பெண்ணைத் தாண்டாமல் விழுந்தால் படை நகரும், ரொம்பக் குறைவாக விழுந்தால் மூன்று மடங்கு தூரம்கூடப் போகும். தாண்டினால் நகராது. இரண்டு ஆறு விழுந்தால் குளறுபடி, படை தன் இஷ்டத்துக்கு எங்கேயோ போய்விடும். ஜாலியான விளையாட்டு, நிறையச் சிரித்தோம். என் க்ளெராம்போவும் ஒரு தடவை இரட்டை ஆறு போட்டார். ஆனால் அது பகடை செய்த முட்டாள்தனம். என் மேல் ஒரு பழியும் இல்லை.

அடுத்து சாம் முஸ்தஃபாவின் 'மாரிஸ்', 2012. சீட்டுகளால் நடக்கும் விளையாட்டு. உன் முறை வரும்போது ஒரு படைக்கூட்டத்தைத்தான் அசைக்க முடியும். தளபதி பொம்மையிலிருந்து அது எவ்வளவு தூரமோ அவ்வளவு சீட்டுகளைச் செலவழிக்க வேண்டும். கையில் சீட்டு தீர்ந்தால் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

நான் டலார். வரலாறு எனக்கு மனப்பாடம். கிராமத்துக்குள் ஆளைத் திணிக்கக் கூடாது என்று சத்தியம் செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன். நண்பன் கிராமத்தைத் தாக்கினான். தளபதி பொம்மையைச் செலவு குறையட்டும் என்று கிராமத்துப் பக்கம் நகர்த்தினேன். மறுபடி தாக்கினான். பக்கத்தில் சும்மா நின்ற ஒரு படையை உள்ளே விட்டேன், அதற்குச் செலவு ஒரே சீட்டு. மறுபடி தாக்கினான். இன்னொன்றை விட்டேன். ஒவ்வொரு முறையும் அதுதான் சரியான ஆட்டமாக இருந்தது. மையம் தூரத்தில் இருந்தது. அதைத் தொட நாலு சீட்டு வேண்டும், அங்கே ஒன்றும் நடக்கவும் இல்லை. ஒன்பதரை மணிக்கு அவன் ஓடையைத் தாண்டி மையத்துக்கு வந்தபோது என் கையில் இரண்டு சீட்டு இருந்தது.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமேடா?" என்றான்.

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு அலுவலக அறிக்கை. ஒரு நள்ளிரவில் எங்கள் சர்வீஸ் ஒன்று விழுந்தது. பணியில் இருந்த ஜூனியர் பெண், அலாரம் அடித்த இடத்துக்கே ஒவ்வொருவராக எழுப்பி அழைத்தாள். ஏழு பேர் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உண்மையான கோளாறு வேறொரு இடத்தில் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது. காரண அறிக்கையை எழுதியவன் நான். "மற்ற பகுதிகளைக் கவனிக்கத் தவறினார்" என்று ஒரு வரி. அந்த ஏழு பேரில் நானும் ஒருவன் என்பதை எழுதவில்லை. பொய்யில்லாத வரிதான். விடிந்தபின், முடிவு தெரிந்த ஒருவன் மேலிருந்து படம் பார்த்து எழுதிய வரி. அலாரம் அந்த ஓரிடத்தில் மட்டும்தான் அடித்தது என்பதும், வேறு இடத்தைப் பார்க்க என்ன செலவாகியிருக்கும் என்பதும் அதில் இல்லை.

திங்கட்கிழமை அதைத் திறந்து அந்த வரியை மாற்றினேன். அவளிடமும் சொன்னேன். "விடுங்கண்ணா, அதெல்லாம் யாரு படிக்கப் போறா" என்றாள். அவள் படித்திருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

'மாரிஸ்' குறையில்லாதது என்று சொல்ல மாட்டேன். ஒரு கூட்டம் நகரும்போது மற்ற களமெல்லாம் உறைந்து நிற்கிறது. நிஜத்தில் யூஜின் மறுகோடியில் அதே நேரத்தில் மணிக்கணக்கில் மோதிக்கொண்டிருந்தார். நண்பனுக்கு இன்னும் அது சீட்டாட்டம்தான். பிளட்டூன் முறையின் நுணுக்கமெல்லாம் இதில் காணாமல் போய்விடுகிறது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் தேர்ந்தெடுத்தது இதைத்தான். தோற்றபின் பகடையைத் திட்ட முடியாத விதி இது.

பொம்மைகள் வந்துவிட்டன. பிரெஞ்சுக் காலாட்படைக்குச் சாம்பல்வெள்ளைக் கோட்டு. முதல் நாலு பட்டாலியனுக்கு வண்ணம் தீட்டி முடித்திருக்கிறேன். அடுத்த ஆட்டத்திலும் டலார் பக்கம் எனக்குத்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.